பழைய கணினியில் லினக்ஸ்சிஎன்சி: நிமிடத்துக்கு ஒருமுறை லேட்டன்சி தாவுகிறது, பலாப் பலகையில் கை வைக்கலாமா?

செங்கோட்டை ஆசாரி:

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் கதவுப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலையில் பாதிக்கு மேல் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கு, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போகிறது. 1956 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. அதனால் பட்டறையில் கதவுச் சட்டத்தை நிலை என்றும் சொல்வோம், கட்டிளை என்றும் சொல்வோம். அப்பா உளியால் செதுக்கிய கொடிவேலையில் முக்கால் பங்கை இப்போது ரௌட்டர் எந்திரம் செதுக்குகிறது. மீதியை உளி முடிக்கிறது.

எந்திரத்தின் மேசை 1200க்கு 900 மி.மீ. மூன்று அச்சிலும் ஸ்டெப்பர் மோட்டார். மூன்றிலும் 5 மி.மீ. புரிக் கம்பி. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கணினியிலிருந்து 25 பின் பேரலல் போர்ட் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. போன குற்றாலச் சாரலில் அந்தக் கணினியின் மதர்போர்டு பச்சை பூத்துச் செத்துவிட்டது. எந்திரம் விற்றவரைக் கேட்டால் கணினி, டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துச் சுற்றவைக்கும் பெட்டி), கட்டுப்பாட்டுப் பலகை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார். மோட்டாரும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன. நன்றாக இருப்பதைக் கழற்றிப் போட எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் இரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன. ஒன்று பென்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ், 865 மதர்போர்டு, 1 ஜிபி நினைவகம். மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. இன்னொன்று கோர் 2 டுவோ ஈ7500, ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி. தென்காசியில் ஒரு கணக்கரிடம் 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டிலும் பேரலல் போர்ட் இருக்கிறது.

எந்திரத்தைக் கணினியால் ஓட்டும் மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி. டெபியன் 12 என்ற லினக்ஸ் மீது அமைந்த அதன் 2.9 நிறுவல் படிமத்தைப் பென் டிரைவில் எழுதி இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். பென்டியம் 4, தனக்கு 64 பிட் செயலி இல்லை என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டது. கோர் 2 டுவோவில் நிறுவல் ஒழுங்காக முடிந்தது. கணினி எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்கும் லேட்டன்சி டெஸ்ட் ஓட்டினால், துடிப்பு அனுப்பும் பகுதியான பேஸ் த்ரெட்டின் அதிகபட்ச ஜிட்டர், அதாவது நேரத் தடுமாற்றம், 24,000 நானோ நொடி என்று நல்லபடியாக நிற்கிறது. சற்று நேரத்தில் திடீரென்று 1,80,000க்குத் தாவிவிடுகிறது.

ஆரியங்காவில் ஒரு வீட்டுக்காரர், காற்றில் சாய்ந்த பலா மரத்தை அறுத்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய தாத்தா வைத்த மரம். இரண்டு கதவுக்கு மட்டுமே பலகை தேறியது. கெட்டால் மாற்றுப் பலகை உலகத்திலேயே கிடையாது. அதனால் கேட்கிறேன்: இந்தக் கணினியை நம்பலாமா? பென்டியம் 4க்கு வழி உண்டா? லினக்ஸ்சிஎன்சியை அமைக்கும் ஸ்டெப்கான்ஃப் நிரலில் அந்த 24,000ஐக் கொடுத்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும்?

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:

அண்ணாச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்திரம் ஓடத்தான் செய்யும், அரை மணி நேரம் அழகாகவும் ஓடும். ஆனால் கணினி தாவுகிற ஒவ்வொரு முறையும் மோட்டாரை ஒரு படி நகர்த்தும் ஸ்டெப் துடிப்பு 180 மைக்ரோ நொடி (உங்கள் 1,80,000 நானோ நொடி) தாமதமாகப் போகும். மெதுவாக நகரும்போது அது ஒரு சிறு விக்கல்தான். வேகமாகப் போகும்போது விக்கினால் ஸ்டெப்பர் மோட்டார் பிடி விட்டு நின்றுவிடும். எவ்வளவு சுற்றியது என்று திருப்பிச் சொல்லும் என்கோடர் உங்கள் மோட்டாரில் இல்லை என்று நினைக்கிறேன். ஆகவே மோட்டார் நின்றது மென்பொருளுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய், தவறான இடத்தில் கட்டரை இறக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் வைத்திருந்தால் 1,600. அதை 5 மி.மீ. புரியால் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 320 ஸ்டெப். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகம் வேண்டுமென்றால் நொடிக்கு 50 மி.மீ., அதாவது 16,000 ஸ்டெப். 180 மைக்ரோ நொடி ஜிட்டரை உண்மையாகக் கொடுத்தால் நொடிக்கு 5,500 ஸ்டெப்பைத் தாண்டாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ.தான். ஐந்து மணி நேரக் கதவு பதினைந்து மணி நேரம் இழுக்கும். ஆனாலும் அது பாதுகாப்பான வேகம். மறைத்துக் கொடுத்த 24,000ஐ விட ஆயிரம் மடங்கு மேல்.

லினக்ஸ்சிஎன்சி கையேடு சொல்லும் அளவு இதுதான்: 15 முதல் 20 மைக்ரோ நொடிக்குள் என்றால் மிக நல்லது, 30 முதல் 50 வரை வேலை நடக்கும், உச்ச வேகம் குறையும், 100க்கு மேல் போனால் கணினியே நேரடியாகத் துடிப்பு அனுப்பும் முறைக்கு அது ஏற்றதல்ல. உங்கள் 24 நல்ல எண். அந்தத் தாவல்தான் நோய்.

நான் சந்தேகப்படுவது எஸ்எம்ஐ. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் சில வேலைகளுக்காக, லினக்ஸுக்குச் சொல்லாமலேயே செயலியைச் சற்று நேரம் தன் வசம் எடுத்துக்கொள்ளும். லினக்ஸின் உள்மையமான கெர்னல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. மடிக்கணினிகளை இந்த வேலைக்கு வேண்டாம் என்று சொல்வதற்குப் பெரிய காரணமும் இதுவே. ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண் தாவியதும் லேட்டன்சி டெஸ்டில் புள்ளிவிவரங்களை அழிக்கும் பொத்தானை அழுத்துங்கள். அடுத்த தாவல் எத்தனை நொடியில் வருகிறது? மறுபடி அழுத்துங்கள். ஐந்தாறு தடவை எழுதி வையுங்கள். சீரான இடைவெளி என்றால் காரணம் பயாஸில் இருக்கிறது. கண்டபடி வந்தால் வீடியோ, வட்டு, நெட்வொர்க் பக்கம் தேட வேண்டும்.

பயாஸில் அணைத்துப் பார்க்க வேண்டியவை: லெகசி யூஎஸ்பி (யூஎஸ்பி விசைப்பலகையைப் பயாஸே கவனிப்பது), ஸ்பீட்ஸ்டெப், சி-ஸ்டேட் (இரண்டும் செயலியின் மின்சேமிப்பு வசதிகள்), ஒலி அட்டை, விசிறி வேகக் கட்டுப்பாடு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. பிறகு கெர்னல் வரியில் ஐசோல்சிபியூஸ் என்ற சொல்லைச் சேர்த்து இரண்டாவது கோரை எந்திரத்துக்கென்று ஒதுக்குங்கள். பேரலல் போர்ட் 378 என்ற முகவரியில், ஈபிபி நிலையில் இருக்கட்டும்.

பென்டியம் 4க்கும் வழி உண்டு. 32 பிட்டில், டெபியன் 7 மீது, நேரம் தவறாமல் இயங்கவென்று செய்த ஆர்டிஏஐ கெர்னலோடு வந்த பழைய 2.7 படிமத்தைப் போடலாம். அந்த ஆர்டிஏஐ பல பழைய கணினிகளில் புதிய கெர்னலை விடக் குறைந்த ஜிட்டர் தரும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பு என்பதால் இணையத்தில் இணைக்காதீர்கள். நிறுவும் முன் பெட்டியைத் திறந்து செயலியைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். மேல் மூடி உப்பியிருந்தால் மற்ற எதையும் பேசிப் பயனில்லை.

குமுளி சாலை போர்டு வேலை:

நானும் மூன்று ஆண்டுகள் பழைய கணினியோடு போராடினேன். கடைசியில் கையில் பிடிக்கும் டிஎஸ்பி கட்டுப்பாட்டுக் கருவிக்கு மாறிவிட்டேன். பென் டிரைவில் கோப்பை ஏற்றிச் செருகினால் போதும். கணினி இல்லை, லேட்டன்சி இல்லை, பயாஸ் இல்லை. கதவு வேலை நிறைய வருகிற பட்டறைக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. கணினியைச் சரிசெய்யப் போகும் பத்து நாளில் நான்கு கதவு செய்துவிடலாம்.

செங்கோட்டை ஆசாரி:

இருவருக்கும் நன்றி.

குமுளி நண்பர் சொல்வது நியாயமான வழிதான். நானும் அதை எண்ணிப் பார்த்தேன். ஆனால் அந்தக் கருவி கெட்டால் மறுபடி ஒருவரிடம் போய் நிற்க வேண்டும். போன சாரலில் நான் நின்ற நிலை அதுதான். என் உளியை நானே தீட்டுகிறேன், வாளுக்கு நானே பல் வைக்கிறேன். இந்த எந்திரத்தையும் திறந்து பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து ஓட்ட வேண்டும் என்பதே என் ஆசை. பத்து நாள் போனாலும் போகட்டும்.

ஃபிட்டர் சார், கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஏழு தாவல் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே 64 நொடி. ஒரு நொடி முன்பின் என்றால் அது என் விரலின் தவறு.

முதலில் லெகசி யூஎஸ்பியை அணைத்தேன். தாவல் போகவில்லை. அதோடு ஒரு புதுச் சிக்கலும் வந்தது: யூஎஸ்பி விசைப்பலகை பயாஸில் வேலை செய்யாமல் போனதால் திரும்ப உள்ளே நுழைய முடியவில்லை. வட்ட முனை கொண்ட பழைய பிஎஸ்/2 விசைப்பலகை தேடித் தென்காசி முழுக்க அலைந்து, ஒரு தட்டச்சுப் பள்ளியின் பரணில் கிடைத்தது. இதைச் செய்யப்போகிற யாராக இருந்தாலும் அந்த விசைப்பலகையை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்பீட்ஸ்டெப்பையும் சி-ஸ்டேட்டையும் தனித்தனியாக அணைத்தேன். 24,000 என்பது 21,000 ஆனது; தாவல் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு விசிறி வேகக் கட்டுப்பாட்டை அணைத்தேன். 64 நொடி கடந்தது. இரண்டு நிமிடம், பத்து நிமிடம் கடந்தது. எண் நகரவில்லை. என் கை நடுங்கியது என்று எழுதினால் மிகையாகாது.

இரவு எட்டு மணிக்குப் பட்டறையை மூடும்போது கணினிக்குச் சுமை கொடுக்க லேட்டன்சி டெஸ்டோடு சுழலும் பல்சக்கரப் படம் நான்கைத் திறந்து, ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டுவிட்டு வந்தேன். காலை ஏழு மணிக்குப் பார்த்தேன். பதினொரு மணி நேரத்தில் அதிகபட்சம் 29,800.

விசிறி இப்போது முழு வேகத்தில் சுற்றுவதால் மரத்தூளை உள்ளே இழுக்கிறது. காற்று நுழையும் பக்கம் பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை உதறுகிறோம்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:

64 நொடி என்று நீங்கள் எழுதியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்டெலின் அந்தக் காலத்துச் சவுத்பிரிட்ஜ் என்ற மதர்போர்டுத் துணைச் சிப்பில் இப்படிக் குறித்த இடைவெளியில் எஸ்எம்ஐ எழுப்பும் வசதி உண்டு. அதற்கு 8, 16, 32, 64 நொடி என்ற நான்கு கால அளவுகள்தான். உங்கள் பயாஸ் அதை வைத்துத்தான் விசிறியைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறது.

29,800 என்றால் ஸ்டெப்கான்ஃபில் 32,000 என்று கொடுங்கள். பேஸ் பீரியட், அதாவது துடிப்புகளுக்கு நடுவே உள்ள குறைந்தபட்ச இடைவெளி, 45 மைக்ரோ நொடி அளவில் வரும். நொடிக்கு 22,000 ஸ்டெப் கிடைக்கும், உங்களுக்குத் தேவை 16,000. கையிருப்பு இருக்கிறது. அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் மென்பொருளை நம்பி விடாதீர்கள். டிரைவருக்கும் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தையே அது துண்டிக்க வேண்டும். பலாப் பலகைக்கு முன் ஏதாவது வேண்டாத பலகையில் ஒரு முழு வேலை ஓட்டிப் பாருங்கள்.

செங்கோட்டை ஆசாரி:

ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளை, ஓட்டிப் பார்த்தேன்.

அயினிப் பலகைத் துண்டில் தாமரையும் கொடியுமாக நாற்பது நிமிட வேலை. மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்களே, அந்த மரம். மோட்டார் சத்தம் சீராக இருந்தது, எங்கும் விக்கல் இல்லை. ஆனால் முதல் இதழை விடக் கடைசி இதழ் ஏறக்குறைய 4 மி.மீ. ஆழமாகப் போயிருக்கிறது. முடிந்ததும் மேலும் கீழும் போகும் இசட் அச்சைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் கட்டர் நுனி பலகைக்குள் இறங்குகிறது. எக்ஸ், ஒய் இரண்டும் கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கின்றன. ஸ்பிண்டிலின் எடையால் இசட் இறங்குகிறதோ என்று மைக்ரோஸ்டெப், மின்னோட்டம் எல்லாம் பார்த்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் அதே 4 மி.மீ. மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

வேலந்தாவளம் சிஎன்சி:

ஐயா, வேகத்தைப் பாதியாக்கியும் அதே 4 மி.மீ. என்பதுதான் எனக்குத் துப்பு. எடையால் நழுவினால் வேகத்தோடு மாறும். மின் இரைச்சல் என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வரும். இது எண்ணி எண்ணி நழுவுகிறது.

ஒரு சின்னச் சோதனை. ஸ்பிண்டிலை ஓட்டாமல், இசட் அச்சில் டயல் கேஜ் பொருத்துங்கள். 5 மி.மீ. மேலே, 5 மி.மீ. கீழே என்று 400 தடவை போய்வரும் ஜி-கோடு (எந்திரத்துக்கான கட்டளை வரிகள்) எழுதி ஓட்டுங்கள். கடைசியில் எவ்வளவு நழுவியிருக்கிறது என்று சொல்லுங்கள். டிரைவரில் ஸ்டெப், திசை இரண்டின் பிளஸ் முனைகளும் எங்கே இணைந்திருக்கின்றன என்றும் பாருங்கள்.

செங்கோட்டை ஆசாரி:

தம்பி, 1.25 மி.மீ. இரண்டாவது தடவையும் 1.25.

பிளஸ் முனைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து 5 வோல்ட்டில் இருக்கின்றன. மைனஸ் முனைகள்தான் போர்ட்டுக்கு வருகின்றன.

வேலந்தாவளம் சிஎன்சி:

1.25ஐ 320ஆல் பெருக்குங்கள் ஐயா. சரியாக 400. நானூறு தடவை போய்வந்ததில் நானூறு ஸ்டெப். போய்வரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று.

உங்கள் இணைப்பில் போர்ட் பின் கீழ் நிலைக்குப் போகும்போதுதான் டிரைவருக்குள் ஒளியால் சமிக்ஞையைக் கடத்தும் ஆப்டோகப்ளரின் விளக்கு ஒளிரும். ஸ்டெப்கான்ஃப் இயல்பாக வைப்பது அதற்கு நேர்மாறு. அதனால் டிரைவர் துடிப்பின் தொடக்கத்தைக் கவனிக்காமல் முடிவைக் கவனிக்கிறது. நேராகப் போகும்வரை வித்தியாசம் தெரியாது. திசை மாறும் இடத்தில், கடைசி ஸ்டெப்பை டிரைவர் எண்ணும் முன் திசைக் கம்பி மாறிவிடுகிறது. ஒரு பக்கம் மாறும்போது ஆப்டோகப்ளர் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் இயங்குவதால் நழுவல் ஒரே பக்கமாகச் சேர்கிறது. இசட் அச்சு இதழுக்கு இதழ் திசை மாறுவதால் அங்கே பெரிதாகத் தெரிந்தது. எக்ஸ் அச்சிலும் இருக்கும், அளந்து பாருங்கள்.

ஸ்டெப்கான்ஃபில் பேரலல் போர்ட் பக்கத்தில் ஒவ்வொரு ஸ்டெப் பின்னுக்கும் பக்கத்தில் தலைகீழாக்கும் கட்டம் இருக்கும். மூன்றையும் குறியிடுங்கள். டிரைவரின் நேர அளவுகளில் திசைக்கு முன்னும் பின்னும் விடும் இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். பழைய எக்ஸ்பி கணினியிலும் இந்த அமைப்பு இருந்திருக்கும். கணினி செத்தபோது அதுவும் கூடவே போய்விட்டது.

செங்கோட்டை ஆசாரி:

குறியிட்டேன். 400 தடவை ஓட்டினேன். டயல் கேஜ் முள் புறப்பட்ட கோட்டிலேயே வந்து நின்றது. இன்னும் 2,000 தடவை ஓட்டினேன், அதே கோடு. பட்டறையில் இருக்கும் பையன்கள் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தம்பி சொன்னது போலவே பழைய அயினித் துண்டில் எக்ஸ் அச்சும் அரை மி.மீ. நழுவியிருந்தது, கொடி வளைவில் அது மறைந்துபோயிருந்தது.

அதன் பிறகும் உடனே பலாவைத் தொடவில்லை. இன்னொரு அயினிப் பலகையில் முழுக் கதவு அளவுக்கு ஒரு தடவை ஓட்டினேன். பக்கத்தில் பட்டை வாளும் இழைப்பு எந்திரமும் வழக்கம்போல் ஓடட்டும் என்று விட்டேன். அமைதியான அறையில் ஓடி, நாளைக்கு வாள் சுழலும்போது கெடுகிற கணினி எனக்கு எதற்கு? ஐந்து மணி பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் கட்டர் நுனிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள் போய்வரும் இடைவெளி, தொடங்கும்போது இருந்த அதே இடைவெளி.

நேற்று பலாப் பலகையை மேசையில் ஏற்றினேன். மஞ்சள் நிறத்தில் சுருள் சுருளாக வந்தது. மாலையில் வீட்டுக்காரர் வந்து, தாமரை இதழ்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது கொஞ்சம் மரத்தூளைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்.

இதே ஜி31 மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்: லினக்ஸ்சிஎன்சி 2.9, டெபியன் 12. பயாஸில் விசிறிக் கட்டுப்பாடு, ஸ்பீட்ஸ்டெப், சி-ஸ்டேட், லெகசி யூஎஸ்பி நான்கும் அணைப்பு. இரண்டாவது கோர் எந்திரத்துக்கு ஒதுக்கீடு. ஜிட்டர் 32,000 என்று கொடுத்திருக்கிறேன். ஸ்டெப் பின் மூன்றும் தலைகீழ். பிஎஸ்/2 விசைப்பலகை எந்திரத்தின் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அமைப்புக் கோப்புகளை இரண்டு பென் டிரைவில் நகலெடுத்து, ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறேன்.

பென்டியம் 4 பெட்டியைத் திறந்து பார்த்தேன், கெப்பாசிட்டர்கள் உப்பவில்லை. இரண்டாவது கதவு முடிந்ததும் அதில் 2.7ஐப் போட்டு மாற்றுக் கணினியாக வைக்கப் போகிறேன். அதன் எண்ணை ஒரு இரவு முழுக்க அளந்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.